ஆத்தங்கரைக்காக ஒரு வருஷம்: செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர், கமிட்டிக்காரங்க, உறுப்பினர்கள், தோட்டத்துல இருந்து மழையோட வந்திருக்கிற பெரியவங்க எல்லாருக்கும் வணக்கம்.

இந்த வருஷம் கமிட்டி எட்டு தடவ கூடுச்சு, பொங்கல், பிள்ளைங்க டியூஷன், கோயில் பக்கம் ரெண்டு கோத்தோங் ரோயோங் (எல்லாரும் சேந்து செய்யற துப்புரவு வேல) எல்லாம் வழக்கம்போல நடந்துச்சு, கணக்க பொருளாளர் வாசிப்பாரு. மத்தபடி நம்ம நேரம் பூரா ஆத்தங்கரையிலதான் போச்சு, அதனால அதப்பத்திதான் அதிகமா எழுதியிருக்கேன்.

டவுனுக்குப் பின்னால தோட்டத்துல பாதி செம்பனைய சாய்ச்சாச்சு, தாமான், அதாவது வீட்டுக் குடியிருப்பு, வரப்போகுது, இது எல்லாருக்கும் தெரியும். வருஷ ஆரம்பத்துல கரையோரமா லாரி லாரியா மண்ணு கொட்டுனாங்க, மூங்கில் புதரே மூடிப்போச்சு. அடுத்த பெரிய மழைக்கு தண்ணி போறதுக்கு எடமில்லாம எதிர்க்கரைப் பக்கம் தள்ளி, பழைய லயத்துல கடைசி நாலு வீட்டு அடுப்படியில ஏறிடுச்சு. நான் போனப்போ ராத்திரி ரெண்டு மணி இருக்கும், ஒரு பாட்டி அரிசி டின்னையும் சாமி படத்தையும் கட்டில் மேல வச்சுட்டு அதுக்குப் பக்கத்துலயே கால மடக்கி உக்காந்திருந்தாங்க, அம்பது வருஷமா இங்க இருக்கேன் தம்பி இந்தப் பக்கம் தண்ணி வந்ததே இல்லன்னாங்க. 2021 டிசம்பர்ல ஷா ஆலம் ஸ்ரீ மூடா மூழ்குனத டிவியில பாத்தப்போ அது நமக்கும் நடக்கும்னு யாரும் நெனக்கல.

அந்த நேரத்துலதான் ரான்சாங்கான் தெம்பாத்தான, அதாவது எந்த நிலத்துல என்ன வரலாம்னு சொல்ற உள்ளூர்த் திட்டத்த, திருத்துறாங்க, ஆறு குளம் ஓரத்துல என்ன கட்டலாம் எவ்வளவு தள்ளிக் கட்டணும்ங்கறதும் அதுல வருதுன்னு தெரிஞ்சுது. 1976 நகர், கிராமத் திட்டச் சட்டப்படி நகல மக்கள் பார்வைக்கு வைக்கணும், ஆட்சேபத்த எழுதிக் குடுக்க அவகாசம் தரணும். அந்த அவகாசத்த விட்டா அப்பறம் எத்தன பெட்டிஷன் போட்டாலும் பிரயோசனம் கம்மி, அதான் அவசரமா கூட்டம் போட்டோம்.

எழுதறதுக்கு முன்னால அளந்து பாத்துடுவோம்னு தலைவர் சொன்னாரு. ஒரு ஞாயித்துக்கிழம காலையில நைலான் கயிறுல மீட்டருக்கு ஒரு முடிச்சு போட்டு, பத்து மீட்டருக்கு ஒரு சிவப்பு பிளாஸ்டிக் துண்டு கட்டி, அந்தக் காலத்துல சர்வேயர்கூட செயின் புடிச்ச நம்ம பெரியவர் ஒருத்தர் நின்னு சொல்லச்சொல்ல பசங்க தண்ணியில எறங்கி இழுத்தாங்க. கோயில் படித்துறைகிட்ட ஆறு 31 மீட்டர் அகலம். ஜே.பி.எஸ். (வடிகால், நீர்ப்பாசன இலாகா) வழிகாட்டில 20ல இருந்து 40 மீட்டர் வரைக்கும் அகலமுள்ள ஆத்துக்கு ரெண்டு பக்கமும் 40 மீட்டர் ரிசர்வ், அதாவது ஒதுக்கு நிலம், விடணும், 40க்கு மேல போனா 50 மீட்டர், 5 மீட்டருக்கும் கம்மியான சின்ன ஓடைக்குக்கூட 5 மீட்டர் இருக்கு. கரையில இருந்து 40 மீட்டர் உள்ள கயித்த இழுத்தா, கொட்டுன மண்ணு மொத்தமும் கோட்டுக்குள்ள வந்துச்சு.

நம்ம கருமகாரியக் கொட்டகையும் வந்துச்சு, கரையில இருந்து 11 மீட்டர்தான்.

கயித்துக்கிட்ட நின்னவங்க கொஞ்ச நேரம் பேசவே இல்ல. நம்ம அப்பா அம்மா எல்லாருக்கும் பதினாறாம் நாள் காரியம் பண்ணுன எடம் அது. ஜே.பி.எஸ். சொல்றது வழிகாட்டிதான், ஆனா நம்ம பேராக் மாநிலத்துக்கும் பொருந்துற 1920 தண்ணிச் சட்டத்துலயே அனுமதி இல்லாம கரையில இருந்து 50 அடிக்குள்ள கட்டடம் கூடாதுன்னு இருக்கு, 50 அடின்னா 15 மீட்டர் சொச்சம், நம்ம கொட்டகை அதுக்கும் உள்ளதான் நிக்குது. சில பேரு இத கெளப்ப வேணாம், நம்ம தலையிலயே வந்து விழும்னாங்க. மூணு கூட்டம் இதே பேச்சு, கடசியில கை தூக்கி முடிவு பண்ணோம்: சட்டம் எல்லாருக்கும் ஒண்ணா இருக்கட்டும், கொட்டகைய பின்னால தள்ளிக் கட்ட நாம தயார், ஆனா காரியம் பண்றதுக்கும் கரகம் எடுக்கறதுக்கும் படித்துறையும் நடைபாதையும் ரிசர்வுக்குள்ள மக்கள் பயன்பாடுன்னு திட்டத்துலயே எழுதித் தரணும். எனக்கு இதுதான் சரின்னு பட்டுச்சு, இப்பவும் படுது.

இன்னொரு முக்கியமான விஷயம், ரிசர்வுன்னு வாயில சொன்னா பத்தாது, 1965 நிலச் சட்டம் 62ஆவது பிரிவுல கெஸட் பண்ணணும், அதாவது அரசிதழ்ல போடணும். தோட்ட நிலம் வீட்டு நிலமா மாறுறப்போ கரையோரத் துண்ட மாநிலத்துக்கே சரண்டர் பண்ண வைக்க முடியும். லாட் பிரிச்சு கிராண்ட் (நிலப் பத்திரம்) ஆளாளுக்குக் கைமாறிட்டா அப்பறம் அந்த நிலத்த காசு குடுத்துதான் எடுக்கணும், அது நடக்காது. அதனாலதான் இப்பவே கேக்கறோம். ஆத்தோரம் டுரியான் மரம் வச்சிருக்கிறவங்களும் 49ஆவது பிரிவ தெரிஞ்சுக்குங்க, ஆறு அரிச்சு உள்ள வந்தா போன நிலம் அரசாங்கத்துக்குத்தான், கரையில வேர் புடிச்ச மரத்த வெட்டாம இருக்கறது உங்களுக்கே நல்லது.

ஈயம் தோண்டி எடுத்த பள்ளத்துல தண்ணி நிக்கிற நம்ம ஈயக்குட்டைக்கு நெலம வேற. தண்ணிச் சட்டத்துல ஆறுன்னா கிளையாறு, இயற்கையா ஓடற நீரோடை எல்லாம் சேரும், மனுசன் தோண்டுன குட்டை அதுல வராது. நம்ம குட்டையோரம் வெறும் மணல், கால வச்சா சரியும், ரெண்டு அடி தாண்டுனா ஆழம் தெரியாது, பிள்ளைங்க அங்கதான் தூண்டில் போடுதுங்க. தைப்பிங் பூங்காவும் ஈயம் எடுத்த குட்டைங்கதான், 1880கள்ல பூங்காவாக்குனாங்க, இன்னைக்கும் குடும்பத்தோட போறோம். அந்த மாதிரி குட்டைக்கும் தனியா ஒரு தூரம், வேலி, மரம்னு திட்டத்துல எழுதச் சொல்லியிருக்கோம். புது தாமான் மழைத் தண்ணிய தன் நிலத்துலயே தேக்கி மெதுவா விடறதுக்குக் குளம் வெட்டணும்னும் கேட்டிருக்கோம், 2001ல இருந்து இருக்கிற மஸ்மா கையேடும், அதாவது ஜே.பி.எஸ். போட்ட மழைநீர் வடிகால் கையேடும், அதத்தான் சொல்லுது.

நம்ம ஆட்சேப மனு மேல நடந்த விசாரணையில நமக்குப் பத்து நிமிஷம் குடுத்தாங்க. அளந்த படத்த விரிச்சதும் அதிகாரி மொதல்ல கேட்டது, உங்க கொட்டகை எங்க இருக்குன்னு. தலைவர் விரல வச்சுக் காட்டி, இதோ உள்ளதான் ஐயா, தள்ளிக்கிறோம்னு மலாய்ல சொன்னாரு. அதுக்கப்பறம் அதிகாரி நம்ம மனுவ பக்கம் பக்கமா படிச்சாரு.

இறுதித் திட்டம் இன்னும் வரல. கொட்டுன மண்ணுல பாதிய அள்ளிட்டாங்க, மீதி அங்கேயே கெடக்கு, ரெண்டு கடிதம் போட்டிருக்கோம், பதில் வரல, மூணாவது இந்தக் கூட்டத் தீர்மானத்தோட போகும்.

வர்ற ஞாயித்துக்கிழம காலையில ஏழு மணிக்கு 40 மீட்டர் கோட்டுல குச்சி நட்டு சிவப்பு பெயிண்ட் அடிக்கப் போறோம், பூட்ஸ் போட்டு வாங்க. பழைய ஆத்தங்கரை போட்டோ, காரியத்தப்போ எடுத்ததா இருந்தாலும் பரவால்ல, வீட்ல இருந்தா எடுத்துட்டு வாங்க, கரை முன்னால எங்க இருந்துச்சுன்னு காட்ட நம்மகிட்ட வேற ஆதாரம் இல்ல.