எது கடைசியில் அணைய வேண்டும்?

அன்புள்ள செந்தில்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, வாக்கர் பிடித்து நடக்கிறார் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. கொஞ்ச நாளைக்கு ஊஞ்சலில் மட்டும் உட்கார விடாதே.

பதில் எழுதத் தாமதமானதற்குக் காரணம் எங்கள் மில்லில் நடந்த கூத்து. நீயும் கல்லூரி ஆய்வகத்துக்கு இரண்டு சர்வர் வாங்கப் போவதாக எழுதியிருந்தாய் அல்லவா, அதனால் என் மானம் போனாலும் பரவாயில்லை என்று முழுக்கதையும் சொல்கிறேன்.

ஆபீஸில் ப்ராக்ஸ்மாக்ஸ் (ஒரே சர்வருக்குள் பல கம்ப்யூட்டர்களை ஓட்டும் மென்பொருள்) ஓடும் சர்வர் இரண்டு, அவற்றில் ஒன்பது விஎம், அதாவது மெய்நிகர் கம்ப்யூட்டர். எல்லாவற்றின் டிஸ்க்கும் நெட்வொர்க் வழியாகச் சேமிப்பிடம் கொடுக்கும் ஒரு நாஸ் பெட்டியில் இருக்கிறது. யூபிஎஸ்ஸின் யூஎஸ்பி ஒயரை அந்த நாஸில் செருகி, யூபிஎஸ்ஸைக் கவனித்து மெஷின்களை அணையச் சொல்லும் நட் (NUT) மென்பொருளை அமைத்திருந்தேன். பேட்டரி தாழ்ந்ததும் நாஸ் மற்ற இரண்டுக்கும் சொல்லும், எல்லாம் ஒழுங்காக அணையும் என்பது என் நினைப்பு. செய்து பார்த்தேனா என்று கேட்காதே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கரண்ட் போனது. மில் விடுமுறை, ஜெனரேட்டர் போட ஆளில்லை. யூபிஎஸ் கணக்குப்படி 22 நிமிடம் தாங்க வேண்டும். பேட்டரிக்கு நான்கு வயது. ஞாயிறன்று அந்த அறையில் ஏசியும் ஓடாது. லெட் ஆசிட் பேட்டரிக்கு 25 டிகிரிக்கு மேல் ஏறக்குறைய ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஆயுள் பாதியாகும் என்பார்கள். எங்கள் அறையில் ஏப்ரல் மாதம் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். ஏழாவது நிமிடமே பேட்டரி கையை விரித்துவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததைத் திங்கட்கிழமை லாக் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். நட்டில் யூபிஎஸ்ஸோடு நேராகப் பேசும் கருவி, மற்றவற்றுக்கு 'அணையுங்கள்' என்று சொல்லிவிட்டு இயல்பாக 15 விநாடிதான் காத்திருக்கும். அவை இணைப்பைத் துண்டித்தாலே போதும், உண்மையில் அணைந்தனவா என்று பார்க்காது. ப்ராக்ஸ்மாக்ஸோ அப்போதுதான் விஎம்களை நிறுத்தத் தொடங்கியிருக்கும். ஒவ்வொரு விஎம்முக்கும் 180 விநாடி வரை பொறுத்துப் பார்ப்பது அதன் வழக்கம். ஆக, வீட்டில் ஆட்கள் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போதே நாஸ் கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டது. எழுதிக்கொண்டிருந்த விஎம்களுக்கு டிஸ்க்கே காணாமல் போனது.

கணக்கு விஎம்மில் இருந்த போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், மாற்றங்களைக் குறித்து வைத்திருந்த தன் லாகை மறுபடி ஓட்டித் தானாக எழுந்து உட்கார்ந்தது. அதற்கு ஒரு கும்பிடு. வருகைப் பதிவு ஓடும் விண்டோஸ் விஎம்தான் கிளம்பவே இல்லை. சனி இரவு எடுத்த பேக்கப் காப்பாற்றியது, ஆனால் அது சம்பள வாரம். முதலாளி ஒன்றும் சொல்லவில்லை, என் மேஜைக்கு எதிரே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

2012 ஞாபகம் வந்தது. அப்போது இங்கே கரண்ட் போவதே அட்டவணைப்படி. போவதற்குப் பத்து நிமிடம் முன்னால் நானே போய் ஒவ்வொரு மெஷினாக அணைப்பேன், எது முதலில், எது பிறகு என்று கைக்கே தெரியும். இப்போது கரண்ட் அவ்வளவு போவதில்லை, கைக்கும் மறந்துவிட்டது.

சரி, பேட்டரியை மாற்றிவிட்டு இப்போது செய்திருப்பது இது. யூஎஸ்பி ஒயர் ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டருக்குப் போய்விட்டது. பேட்டரி தாழும் வரை யாரும் காத்திருப்பதில்லை. கரண்ட் போய் மூன்று நிமிடத்துக்குள் வராவிட்டால் சர்வர்கள் அணையத் தொடங்கும், ஒன்பதாவது நிமிடம் நாஸ், எல்லாவற்றுக்கும் கடைசியில் பை. விஎம்களுக்குள்ளும் வரிசை உண்டு. ப்ராக்ஸ்மாக்ஸில் தொடங்கும் வரிசையைக் கொடுத்தால், அணைக்கும்போது அதையே தலைகீழாக எடுத்துக்கொள்ளும். மற்ற மெஷின்களின் முகவரியைச் சொல்லும் டிஎன்எஸ் முதலில் எழும், கடைசியில் தூங்கும். விஎம்களுக்குள், ப்ராக்ஸ்மாக்ஸ் சொன்னதும் ஒழுங்காக அணைய உதவும் கெஸ்ட் ஏஜென்ட் என்ற சின்ன மென்பொருளைப் போட மறக்காதே. போன ஞாயிறு மெயினை இறக்கிச் சோதித்தபோது, ஏஜென்ட் இல்லாத ஒரு விண்டோஸ் மட்டும் 180 விநாடியும் முழுக்க அசையாமல் உட்கார்ந்திருந்தது. நெட்வொர்க் சுவிட்சையும் யூபிஎஸ்ஸிலேயே மாட்டு. அது செத்தால் யார் யாருக்குச் சொல்வது?

இன்னொரு வில்லங்கம், சர்வர்கள் பாதி அணையும்போது கரண்ட் திரும்பி வருவது. 'கரண்ட் வந்தால் தானாக எழு' என்று சர்வரின் அடிப்படை அமைப்பான பயாஸில் வைத்திருந்தாலும், கரண்ட் உண்மையிலேயே அறுபட்டு வந்தால்தான் சர்வர் எழும். அணைந்த சர்வருக்கு யூபிஎஸ் கரண்ட் கொடுத்துக்கொண்டே இருந்தால் அது அப்படியே கிடக்கும், திங்கள் காலை யாராவது பட்டனை அமுக்க வேண்டும். அதனால் பை கடைசியாக யூபிஎஸ்ஸையே வெளியே கரண்டை நிறுத்தச் சொல்கிறது; மெயின் வந்தபின் யூபிஎஸ் மறுபடி கொடுக்கும். நாஸ் எழும் வரை விஎம்கள் பொறுக்க ஐந்து நிமிடத் தாமதமும் வைத்தேன்.

நீ எந்த யூபிஎஸ் பார்த்து வைத்திருக்கிறாய்? பணம் கொடுப்பதற்கு முன் மாடல் எழுது, நட்டோடு ஒத்துப்போகுமா என்று பார்த்துச் சொல்கிறேன். பேட்டரியை மூன்றாவது வருஷமே மாற்றப் பணம் ஒதுக்கச் சொல்லிப் பிரின்சிபாலிடம் இப்போதே கையெழுத்து வாங்கிவிடு.

அடுத்த மாதம் சென்னை வருகிறேன். அம்மாவுக்கு இங்கிருந்து என்ன வாங்கி வர?

அன்புடன்,
குமார்