ஆறு குவெட்டுகளுக்கு நன்றி

எல்லோருக்கும் வணக்கம். பரிசோதனைக்கு நான் கொண்டுபோன குவெட்டுகள், அதாவது மாதிரியை ஊற்றி அளக்கிற சின்னக் கலங்கள், இருந்த பெட்டி வரவில்லை என்று நான் அழுதுகொண்டே பேசிய குரல்பதிவை உங்களில் பாதிப் பேர் கேட்டிருப்பீர்கள், மீதிப் பேருக்கும் அது எப்படியோ போய்ச் சேர்ந்திருக்கும். அதனால் அந்தக் கதையைத் திரும்ப ஆரம்பிக்கவில்லை. பரிசோதனை முடிந்தது, தரவு கையில் இருக்கிறது, நேற்றிரவுதான் ஒழுங்காகத் தூங்கினேன்.

முதல் நன்றி, தமிழ் தெரியாததால் இதைப் படிக்கவே முடியாத ஒருவருக்கு. பிரான்ஸின் கிரெனோபிளில், ஆராய்ச்சிக்கு நியூட்ரான் கற்றை தருகிற அந்த 58 மெகாவாட் அணு உலையில், எனக்கு அடுத்த கருவியில் வேலை செய்துகொண்டிருந்த ஒரு அம்மா. பெயர் போட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

நான் கொண்டுபோனது பால் புரதமும் கொழுப்பும் கலந்த ஜெல். கௌரவமாகச் சொன்னால் மென்பருப்பொருள் (ஜெல், நுரை மாதிரி எளிதில் உருமாறுகிற பொருள்), வீட்டில் சொன்னால் தயிர். அதை ஊற்றிவைக்க 1 மில்லிமீட்டர் இடைவெளி உள்ள குவார்ட்ஸ் குவெட் வேண்டும். ஆய்வகத்தில் கிடைக்கிற சாதாரணக் கண்ணாடி ஆகாது, அதில் போரான் இருக்கும், போரான் நியூட்ரானை விழுங்கிவிடும். என் குவெட்டுகள் எல்லாம் அந்தப் பெட்டியில். இரவு பன்னிரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்து கோட்டு மாட்டிக்கொண்டிருந்தவர், என் முகத்தைப் பார்த்து என்ன என்று கேட்டார். சொன்னேன். கோட்டைக் கழற்றிவிட்டுத் தன் ஆறு குவெட்டுகளை எடுத்து வந்தார், அதோடு போயிருக்கலாம், போகவில்லை, வா கழுவலாம் என்றார். சோப்புத் தண்ணீர், வாலை வடிநீர், அப்புறம் எத்தனால். ஒன்றரை மணி நேரம் இரண்டு பேரும் தொட்டியருகே நின்று பாத்திரம் கழுவினோம், அப்படித்தான் சொல்ல வேண்டும்.

கழுவும்போதே கேட்டார், உன் தயிரில் உனக்கு எதைப் பார்க்க வேண்டும் என்று. கொழுப்பை என்றேன். அப்படியானால் மற்றதை மறைத்துவிடு என்றார், ஏதோ சமையல் குறிப்பு சொல்வதுபோல. நியூட்ரானுக்குத் தண்ணீரின் சிதறல் நீள அடர்த்தி (ஒரு பொருள் நியூட்ரானை எவ்வளவு சிதறடிக்கும் என்று காட்டுகிற எண்) −0.56, ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம் உள்ள கனநீரினுடையது 6.36 (10⁻⁶ Å⁻² அலகில்), இரண்டையும் கலந்து கனநீர் ஏறத்தாழ 42 சதவீதம் வரும்படி வைத்தால் புரதமும் அதைச் சுற்றியிருக்கிற நீரும் ஒன்றுபோல ஆகிவிடும், புரதம் இருக்கும், ஆனால் தெரியாது. இதை மூன்று வருடமாகச் சமன்பாடாக எழுதிக்கொண்டிருந்தேன். கையில் ஈரத்தோடு கேட்டபோதுதான் உறைத்தது.

முதல் அளவீட்டில் சிறிய கோணத்தில் சிதறல் விர்ரென்று ஏறியது. சிறிய கோணத்தில் சிதறல் கூடினால் உள்ளே பெரிதாக ஏதோ இருக்கிறது என்று அர்த்தம், பெரிய பெரிய திரள்கள் கிடைத்துவிட்டன என்று எனக்கு ஒரே குஷி. அவர் திரையைப் பார்க்கவே இல்லை, குவெட்டை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தார். நடுவில் கடுகளவு காற்றுக்குமிழி. என் மாபெரும் கண்டுபிடிப்பு அதுதான்! புதிதாகக் கலந்து, உறைவதற்கு முன் ஊற்றி, மெல்லத் தட்டி, வெறும் குவெட்டையும் தனியே அளந்து கழித்த பிறகு வந்த வளைகோடு அவ்வளவு அழகாக இல்லை, ஆனால் உண்மையானது. அதற்குள் விடிந்திருந்தது, அவர் அப்போதுதான் வீட்டுக்குப் போனார்.

சரி, மற்றவர்கள். 40 மீட்டர் நீளக் குழாய்க்குள், சிதறிவரும் நியூட்ரானைப் பிடிக்கிற டிடெக்டரை எங்கே நிறுத்துவது என்று பொறுமையாகக் காட்டிய கருவிப் பொறுப்பாளர், இங்கே இரவு மணி என்ன என்று தெரிந்தும் போன் எடுத்த கைடு, தரவைச் சுருக்கும் நிரலில் என் தவறைக் கண்டுபிடித்த லேப் அண்ணன், புளிசாதம் கட்டிக் கொடுத்த அறைத்தோழி, எல்லோருக்கும் நன்றி. சித்தப்பாவுக்கும்தான். நான் படிப்பது மென்பொருள், ஐடி வேலை என்று இன்னும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார், இருக்கட்டும், பிரார்த்தனை பண்ணியது அவர்தான்.

ஒன்று மட்டும் முடிவு பண்ணியிருக்கிறேன். இனி எங்கள் லேபுக்குப் புதிதாக யார் வந்தாலும், கருவியிடம் போவதற்கு முன் என்னோடு தொட்டியில் ஒரு மணி நேரம் நிற்க வேண்டும்.

அந்த ஆறில் ஒன்றின் விளிம்பு என் கையில் கொஞ்சம் உதிர்ந்துவிட்டது. அவரிடம் சொன்னேன், சிரித்தார். புதியது ஒன்று வாங்கி, மீதி ஐந்தோடு நாளை தபாலில் அனுப்புகிறேன். கூடவே ஒரு டப்பா முறுக்கும் போகிறது, உடையாமல் போக வேண்டும்.