கடிகாரத்தைக் கழித்தால் பறக்கும் நேரம் வராது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் பயணப் பகுதியில், திருவனந்தபுரத்திலிருந்து துபாய் செல்ல இரண்டே முக்கால் மணி நேரமும் திரும்பிவர ஐந்தே கால் மணி நேரமும் ஆகும் என்று அச்சாகியிருந்தது. புறப்படும் நேரத்தைச் சேரும் நேரத்திலிருந்து அப்படியே கழித்ததால் வந்த பிழை இது. பயணச்சீட்டில் இரண்டும் அந்தந்த ஊர் நேரத்தில்தான் இருக்கும். துபாய்க் கடிகாரமோ நம்முடையதைவிட ஒன்றரை மணி நேரம் பின்தங்கியது. அதைச் சரிசெய்தால், போக நாலே கால் மணி, வர மூன்றே முக்கால் மணி என்றாகும்.

தெருவுக்கு நாலு பேர் வளைகுடாவில் இருக்கும், கேரள எல்லையை ஒட்டிய எங்கள் களியக்காவிளைப் பக்கத்தில் இது சிறு பிழை அன்று. என் தம்பி மனைவி ஒன்பது மாதக் குழந்தையோடு முதன்முறை தனியாகப் புறப்பட்டபோது, டிக்கெட் எடுத்துத் தந்தவர் ஒரு துண்டுத் தாளில் ‘10.15 – 1.00’ என்று மட்டும் குறித்துக் கொடுத்தார். அதை நம்பி ஒரு வேளைக்கு மட்டும் ஏத்தங்காய்ப் (நேந்திரங்காய்ப்) பொடியில் ‘குறுக்கு’ என்னும் குழந்தைக் கஞ்சி காய்ச்சிச் சின்ன ஃபிளாஸ்கில் எடுத்துப்போன அவர், கடைசி ஒன்றரை மணி நேரமும் அழுத குழந்தையைத் தோளில் போட்டபடியே துபாயில் இறங்கினார்.

இவ்விரு நகரங்களுக்கிடையே வான்வழித் தொலைவு ஏறத்தாழ 2,950 கிலோமீட்டர். மணிக்கு 850 கிலோமீட்டர் வேகம் என்று வகுத்தால் மூன்றரை மணிதான் வரும். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும், மேலேறுவதும், இறங்க முறைக்குக் காத்திருப்பதும் மீதி நேரத்தை எடுத்துக்கொள்கின்றன. (களியக்காவிளையிலிருந்து பாலராமபுரம் நெரிசலைத் தாண்டி விமான நிலையம் போய்ச் சேரும் நேரத்தை எந்தக் கணக்கிலும் அடக்க முடியாது.) போக்குக்கும் வரவுக்கும் உள்ள வேறுபாட்டில் உயரத்தில் வீசும் காற்றுக்கும் பங்குண்டு. குளிர்காலத்தில் வளைகுடாவுக்கு மேலே மேற்கிலிருந்து பலமாக வீசும் காற்று, போகும் விமானத்துக்கு எதிர்க்காற்று, வரும் விமானத்துக்குப் பின்காற்று. தென்மேற்குப் பருவமழைக் காலத்திலோ தென்னிந்தியாவுக்கு மேலே உயரத்தில் கிழக்குக் காற்று வீசுவதால் அந்த வேறுபாடு சுருங்கிவிடும்.

தொலைவு குறைந்தால் நேரமும் குறையும் என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதும் எப்போதும் பொருந்தாது. டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு அட்லாண்டிக் வழியே பறந்துகொண்டிருந்த ஏர் இந்தியா விமானம், 2016 அக்டோபரில் பசிபிக் வழிக்கு மாறியது. ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர் கூடுதலாக, 15,300 கிலோமீட்டர் பறந்தும், பின்காற்றின் தயவால் பதினான்கரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது. பழைய வழியைவிட அது கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் குறைவு.

ஆகவே, இனி இப்பகுதியில் புறப்பாடு, வருகை நேரங்களோடு ‘உள்ளூர் நேரம்’ என்ற குறிப்பையும், தனியே பறக்கும் நேரத்தையும் சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். துபாய்க்கு உரிய திருத்தத்தை அடுத்த இதழிலேயே வெளியிட்டால், கோடை விடுமுறைக்குக் கிளம்பும் குடும்பங்களுக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்,
களியக்காவிளை