கார் சீட்டுக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டாமே

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு பதிப்பின் வீட்டுக் குறிப்புப் பகுதியில், காரின் தோல் சீட் பளபளக்கத் தேங்காய் எண்ணெய் தேய்த்தால் போதும் என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். படித்ததும் பகீரென்றது, ஏனென்றால் அதே வேலையை நான் நான்கு மாதம் செய்து, கடைசியில் சீட்டின் ஒரு பக்கத்தையே மாற்ற வேண்டியதாகிவிட்டது.

நான் பினாங்கில் இ-ஹெய்லிங் (செயலி வழி அழைக்கும் வாடகைக் கார்) ஓட்டுகிறேன். கார் செக்கன்ஹேண்ட், உள்ளே வெளிர் மண் நிறத் தோல். ஜீன்ஸ் போட்டவர்கள் ஏறி இறங்கி நீலம் படிந்து, கை வைக்கும் இடமெல்லாம் வியர்வையில் கறுத்துப்போயிருந்தது. தோல் காய்ந்துவிட்டது, எண்ணெய் கேட்கிறது என்று நானே முடிவு கட்டி வாரம் ஒரு முறை தடவினேன். முதல் நாள் புதுசு போலத்தான் இருந்தது. அப்புறம் தூசி அப்பிக்கொண்டது, வெயிலில் நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்தால் சிக்குப் பிடித்த எண்ணெய் வாடை, ஒரு பயணி ஜன்னலை இறக்கிவிட்டு வந்தார். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போனபோது என் மனைவியின் மஞ்சள் புடவையில் முதுகுப் பக்கம் முழுக்க அழுக்குக் கோடு. அன்றைக்கு வாங்கிய பேச்சு தனிக் கதை.

பட்டர்வொர்த்தில் குஷன் கடை வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் போனேன். அவர் ஒன்றும் பேசாமல் பஞ்சுக் குச்சியைத் தண்ணீரில் நனைத்து சீட்டின் ஓரத்தில் ஒரு சொட்டு வைத்தார். சொட்டு அப்படியே முத்து மாதிரி நின்றது. "பாத்தியா தம்பி, தண்ணியே உள்ள போகல, உன் எண்ணெய் எங்க போகும்? நீ தோலுக்குச் சாப்பாடு போடுறதா நெனச்சிக்கிட்டு பெயிண்டுக்கு எண்ணெய் தடவிக்கிட்டு இருக்க" என்றார். வெடித்திருந்த இடத்தில் நகத்தால் சுரண்டிக் காட்டினார், மண் நிறச் செதில் ஒன்று கழன்று வந்தது. உள்ளே தோல் சாம்பல் நீலமாக இருந்தது.

விஷயம் இதுதான். இன்றைய கார்களில் வரும் தோலில் பெரும்பாலானவற்றுக்கு மேலே நிறப்பூச்சும், அதற்கு மேல் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் வகைப் பூச்சும் உண்டு. நம் கை படுவது அந்தப் பூச்சில்தான். போதாததற்கு, தோல் சீட் என்று விற்கும் பல கார்களில் உட்காரும் இடமும் சாயும் இடமும் மட்டும்தான் தோல், பக்கவாட்டும் முதுகுப்புறமும் வினைல், அதாவது செயற்கைத் தோல். சொட்டு வைத்ததும் உறிஞ்சிக் கறுத்தால்தான் அது பூச்சில்லாத தோல், அதைப் பராமரிக்கும் முறையே வேறு. சாதாரணக் கார்களில் அதைப் பார்ப்பது அபூர்வம்.

சீட்டைக் கெடுப்பது வறட்சியை விட அழுக்கும் உரசலும்தான். மடிப்புக்குள் போகும் மணலும் தூசியும் ஒவ்வொரு முறை உட்காரும்போதும் உப்புத்தாள் மாதிரி பூச்சை அராவும். ஓட்டுநர் சீட்டின் வலப்பக்கத் திண்டைப் பாருங்கள், ஏறி இறங்கி அதுதான் முதலில் வெடித்திருக்கும். அதனால் முதலில் வேக்கூம் போட்டு மடிப்பில் இருப்பதை எடுக்க வேண்டும். பிறகு தோலுக்கென்றே விற்கும் மிதமான கிளீனரைத் துணியிலோ மென்மையான பிரஷிலோ விட்டு (சீட்டின் மேல் நேராக ஊற்ற வேண்டாம், துளை போட்ட சீட்டென்றால் கண்டிப்பாக வேண்டாம்), மறைவான இடத்தில் சோதித்துவிட்டு, சின்னச் சின்னப் பகுதியாகத் தேய்த்து, உடனே வேறு துணியால் துடைத்துவிட வேண்டும். வெள்ளையாக வரும் அந்த மேஜிக் பஞ்சு அழுக்கை எடுக்கும், கூடவே பூச்சையும் அராவிவிடும். கைக்குப் போடும் சேனிடைசரும் அப்படித்தான், பூச்சை மங்கடித்துவிடும்.

கோயிலுக்குப் போய் வருகிறவர்களுக்கு ஒன்று. குங்குமம் கொட்டினால் ஈரத்துணியை எடுக்காதீர்கள், குழம்பி மடிப்புக்குள் இறங்கிவிடும். காய்ந்த பிரஷால் தட்டி வேக்கூமில் இழுத்துவிட்டு அப்புறம் துடையுங்கள். பால்குடத்துப் பால் தையலுக்குள் போனால் மட்டும் வீட்டுக்கு வரும்வரை விடாதீர்கள், அங்கேயே நிறுத்தி ஒற்றி எடுங்கள்.

நம் ஊர் ஈரத்தில் பூஞ்சை இன்னொரு தொல்லை. லீவுக்குக் காரை அடித்தளக் கார் நிறுத்துமிடத்தில் இரண்டு வாரம் நிறுத்திவிட்டுப் போனால் வந்து பார்க்கும்போது சீட்டெல்லாம் விபூதி பூசினாற்போல் இருக்கும். காரை வெளியே எடுத்துக் கதவுகளைத் திறந்து வைத்துத் துடையுங்கள், ஈரமான கால்மிதியை முதலில் வெளியே போடுங்கள், இல்லையென்றால் மறுபடி வரும்.

வெயிலுக்குக் கண்ணாடியில் டிண்டட் (நிற ஃபிலிம்) ஒட்டலாம். மலேசியாவில் 2019 மே முதல் உள்ள விதிப்படி முன் கண்ணாடியில் 70 விழுக்காடும் முன் பக்கக் கண்ணாடிகளில் 50 விழுக்காடும் வெளிச்சம் உள்ளே வரவேண்டும், பின்பக்கத்துக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. கறுப்பாக இருந்தால்தான் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் என்பதில்லை, நல்ல ஃபிலிம் வெளிர் நிறமாக இருந்தாலும் தடுக்கும்.

கார் கழுவும் கடைக்காரர்களிடமும் ஒரு வேண்டுகோள். நான் போன ஒரு கடையில் "லெதர் போலிஷ்" என்று 40 வெள்ளி (ரிங்கிட்) வாங்கிக்கொண்டு எதையோ அடித்தார்கள், பிரேக் பிடித்தால் பின்னால் உட்கார்ந்த பாட்டி வழுக்கி முன்னால் வருகிறார். என்ன போடுகிறீர்கள் என்பதையாவது சொல்லிவிட்டுப் போடுங்கள்.

அந்த வாசகி ஏற்கெனவே எண்ணெய் தடவியிருந்தால் பயப்பட வேண்டாம். கிளீனரால் இரண்டு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் புதுத் துணியில், துடைத்தால் வந்துவிடும். தையல் இடுக்கில் இருப்பதற்கு மட்டும் மென்மையான பல் துலக்கும் பிரஷ் எடுத்துக்கொள்ளுங்கள், அவசரப்படாமல்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகர்,
ஜெலுத்தோங், பினாங்கு