ஊசி இறங்காத முதல் வாரம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நான்கரை ஆண்டு எம்.பி.பி.எஸ். முடித்து ஹவுஸ் சர்ஜனாக, அதாவது பயிற்சி மருத்துவராக, வார்டில் நிற்கும் முதல் வாரத்திலேயே, ‘இந்தத் தொழில் எனக்கு வராது’ என்று முடிவு கட்டிவிடுகிறவர்கள் உண்டு. பல நேரம் காரணம், வென்ஃப்ளான் – மருந்து ஏற்ற நோயாளியின் ரத்தக்குழாயில் ஊசியோடு நுழைத்துப் பொருத்தும் மெல்லிய குழல் – இறங்காததுதான்.

அது தகுதிக் குறைவல்ல, பழகாத கை. ரப்பர் பட்டையைக் குத்தும் இடத்துக்கு நான்கு விரற்கடை மேலே கட்ட வேண்டும். மற்றக் கையால் தோலைக் கீழ்நோக்கி இழுத்துப் பிடிக்காவிட்டால் ரத்தக்குழாய் உருண்டு நழுவும். சுமார் 15 முதல் 30 பாகைச் சாய்வில் நுழைத்து, ரத்தம் தெரிந்ததும் ஊசியைத் தாழ்த்தி, இன்னும் 2 மில்லிமீட்டர் தள்ளிய பிறகே குழலை மட்டும் உள்ளே நகர்த்த வேண்டும். தாழ்த்த மறந்தால் பின்சுவரில் துளை விழுந்து கை வீங்கும். ரத்தம் கண்ட நொடியே குழலைத் தள்ளினாலும் இறங்காது; ஊசிமுனை குழலைத் தாண்டி நீண்டிருப்பதால், குழல் அப்போது வெளியிலேயே நிற்கும். முதியவரின் மெல்லிய குழாய்க்குப் தடித்த, பச்சை நிற 18 அளவு ஊசி எதற்கு? அதைவிட மெல்லிய, நீல நிற 22 போதுமே! இரண்டு முறை தவறினால் மூத்தவரை அழைப்பதுதான் நோயாளிக்கு நியாயம்.

2019 முதல் நடப்பில் உள்ள திறன்சார் பாடத்திட்டத்தில் செய்முறைப் பதிவேடு இருக்கிறது. அதில் கையெழுத்திடும் ஆசிரியர்கள், பொம்மைக் கையில் மாணவர் செய்வதை அருகிலிருந்து பார்த்த பிறகே கையெழுத்திட வேண்டும்.

– மருத்துவ ஆசிரியர், மதுரை