அடுக்களை வாசல் டம்ளர்

சாமித்தோப்பு
மாசி 28

மக்களே,

ஊர் வந்து சேர்ந்தேன். கால் வீக்கம் வடிந்துவிட்டது. நீ வாங்கித் தந்த மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறேன். நம்பிக்கை இல்லையென்றால் அம்மாவிடம் கேள்.

பெங்களூரில் வைத்தே சொல்ல நினைத்து விழுங்கிக்கொண்டேன். உன் வீட்டில் பாத்திரம் கழுவ வரும் அம்மாவுக்குப் பால்கனியில் தனியாக ஒரு கப் வைத்திருக்கிறாயே, பிடி உடைந்த நீலக் கப். நீதான் அதில் சாயா ஊற்றிக் கொடுத்தாய். எனக்குத் திக்கென்றது. திட்ட வாயெடுத்தேன். அப்புறம்தான் நம் அடுக்களை வாசலில் கவிழ்ந்து கிடக்கும் டம்ளர் ஞாபகம் வந்தது.

சின்ன வயதிலேயே உனக்குத் தலைப்பாகை கட்டிவிட்டு, அய்யா வைகுண்டரின் கோயிலான நம் ஊர்ப் பதிக்குக் கூட்டிப்போனவன் நான். தீண்டாமை தலைவிரித்தாடிய காலத்தில் எல்லாச் சாதியாரையும் ஒரே தண்ணீர் எடுக்க வைத்தார் அய்யா என்று முத்திரிக்கிணற்றடியில் நின்று கதை சொன்னேன். பதியின் கருவறையான பள்ளியறையில் சிலை இல்லை, கண்ணாடிதான் இருக்கிறது, அதில் தெரிகிற உனக்குள்ளேதான் சாமி என்றேன். அய்யா மறைந்தது 1851-ல். நம் பூட்டிமார் மார்பை மறைத்து மேல்சீலை போட்டுக்கொள்ளலாம் என்று திருவிதாங்கூர் ராஜாவின் உத்தரவு வர 1859 ஆயிற்று. அதையும் ஆத்திரத்தோடு சொன்னேன். ஆத்திரம் உண்மைதான். அதில் பொய்யில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் தேங்காய் வெட்ட வந்தவருக்கு அந்த டம்ளரில்தான் சாயா. "அவருக்கு மட்டும் ஏம்ப்பா வெளியே?" என்று கேட்டாய். "அது வழக்கம் மக்களே" என்றேன். அதோடு விட்டுவிட்டாய். கிணற்றுக் கதை உனக்கு எவ்வளவு மிச்சமிருக்கிறதோ தெரியாது; டம்ளர் மட்டும் பெங்களூர் வரை வந்திருக்கிறது.

அய்யாவின் அவதார தினமான மாசி 20-க்கு வழக்கம்போல நாகர்கோவிலிலிருந்து பதிக்கு வரும் ஊர்வலத்தில் நடந்தேன். மற்ற வருஷம் அரகரா என்று தொண்டை கிழியக் கூப்பிடுவேன். இந்த வருஷம் சத்தம் வரவில்லை. கூட வந்தவர்கள் வயதாகிவிட்டது என்றார்கள். சரி, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

நேற்று தேங்காய் வெட்டு. பழைய டம்ளரைக் காலையிலேயே தூக்கிப் போட்டுவிட்டேன். வெட்ட வந்தவருக்கு நாம் குடிக்கிற டம்ளரில் சாயா கொடுத்து, திண்ணையில் உட்காரச் சொன்னேன். ஏதோ பெரிய காரியம் செய்துவிட்ட மாதிரி நின்றுகொண்டிருந்தேன் என்று வைத்துக்கொள். அவர் உட்காரவில்லை. டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நின்றபடியே குடித்துவிட்டு, பைப்படியில் கழுவி, அடுக்களை வாசலில் பழைய இடத்திலேயே கவிழ்த்து வைத்துவிட்டு அடுத்த தோப்புக்குப் போய்விட்டார்.

ராத்திரி அதை எடுத்து உள்ளே கொண்டுபோனேன். அவர் சுத்தமாகத்தான் கழுவியிருந்தார். நான் சோப்பு போட்டு மறுபடியும் கழுவினேன், இரண்டு தடவை. கழுவி முடித்த பிறகுதான் என்ன செய்கிறேன் என்றே எனக்குத் தெரிந்தது. அம்மாவிடம் சொல்லவில்லை. உனக்குத்தான் எழுதுகிறேன்.

அப்பா