நடு ராத்திரியில் வந்த ஆறு இலக்க எண்

அன்பு மகள் கவிதாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். பாமணியாற்றில் தண்ணீர் வந்துவிட்டது, குறுவைக்கு நாற்று விட்டாயிற்று. அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. மற்றதெல்லாம் அப்புறம்.

செவ்வாய்க்கிழமை ராத்திரி ரெண்டே முக்காலுக்கு உன் பழைய நம்பருக்கு ஒரு மெசேஜ் வந்தது. அலமாரியில் கிடக்கும் பட்டன் போன் வெளிச்சம் போட்டதும் எழுந்துவிட்டேன். ஜி என்று போட்டு ஆறு இலக்க எண், உன் கூகுள் கணக்கில் நுழையும்போது கேட்கிற சரிபார்ப்பு எண். கண்ணாடியை மாட்டிக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தேன். எப்போதும் அடுத்த நிமிடமே கூப்பிட்டு, "அப்பா, சீக்கிரம் சொல்லுங்க" என்பாயே. கூப்பிடவில்லை. மறுநாளும் கூப்பிடவில்லை.

அது நீதானா? ஜெர்மனியில் அப்போது பதினொன்றே கால், நீ விழித்திருக்கிற நேரம்தான். நீயென்றால் எண்ணைக் கேட்காமல் ஏன் விட்டாய் என்று அம்மா கேட்கிறாள். நீ இல்லையென்றால் விஷயம் வேறு. பாஸ்வேர்டு சரியாக விழுந்த பிறகுதான் பெரும்பாலும் அந்த எண் வரும். உன் பாஸ்வேர்டு யார் கையிலோ இருக்கலாம் என்று அர்த்தம். முதலில் அதை மாற்று. "நீங்கள்தானா?" என்று உன் போனில் கேட்டால் ஆமாம் என்று தட்டிவிடாதே.

அந்த சிம்மை நம்பியிருப்பதும் சரியில்லை. மாதாமாதம் ரீசார்ஜ் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் 90 நாள் உபயோகமில்லாமல் கிடந்தால் நம்பரை நிறுத்திவிடலாம். பிறகு அது வேறொருவருக்குப் போகும், உனக்கு வர வேண்டிய சரிபார்ப்பு எண்ணெல்லாம் அவர் போனில் விழும். அடுத்தவர் நம்பருக்கு டூப்ளிகேட் சிம் வாங்கி ஏமாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள்.

என் கணக்கில் நானே ஆத்தென்டிகேட்டர் ஆப் போட்டுவிட்டேன், தெரியுமா? மெசேஜ் வராமல் போனிலேயே அந்த எண்ணைக் காட்டுகிற ஆப் அது. வீட்டுக் கம்ப்யூட்டரில் கணக்கைத் திறந்து, பாதுகாப்பு என்ற இடத்தில், பாஸ்வேர்டோடு இன்னொரு எண்ணும் கேட்கிற இருபடிச் சரிபார்ப்புக்குப் போனேன். திரையில் வந்த கியூஆர் கட்டத்தைப் போன் கேமராவில் காட்டியதும் ஆத்தென்டிகேட்டரில் ஆறு இலக்க எண் வந்து நின்றது. முப்பது விநாடிக்கு ஒருமுறை மாறுகிறது, மாறப்போகும்போது சிவப்பாகிறது. சிம்மும் வேண்டாம், நெட்டும் வேண்டாம். கட்டத்தில் இருந்த ரகசியச் சாவியையும் போன் கடிகாரத்தையும் வைத்து அதுவே கணக்குப் போட்டுக்கொள்கிறதாம். அதனால் போனில் நேரம் சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கூடவே, போன் கையில் இல்லாதபோது நுழைவதற்குக் காப்பு எண்கள் பத்து தருகிறார்கள், எட்டு இலக்கம், ஒன்றை ஒரு தடவைதான் உபயோகிக்கலாம். பிரிண்ட் எடுத்துப் பட்டாவோடு பெட்டியில் வைத்திருக்கிறேன். நீயும் எடுத்து வை, போனிலேயே படம் பிடித்து வைக்காதே. போன் தொலைந்தால் படமும் சேர்ந்து தொலையும். புதுப் போன் வாங்கினால், ஆப்பை அதற்கு மாற்றாமல் பழையதை அழித்துவிடாதே.

பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டரில் முதல் மார்க் வாங்கி, மன்னார்குடி முழுக்க என்னைத் தலைநிமிர்ந்து நடக்க வைத்தவள் நீ. இந்த வயதில் நான் செய்ததை, அதையே தொழிலாக வைத்திருக்கிற நீ செய்யாமல், அப்பா வீட்டு அலமாரியில் கிடக்கும் சிம்மைப் பிடித்துக்கொண்டிருக்கலாமா? வேலை அதிகமென்று தெரியும். உடம்புக்கு ஏதாவது என்றாலும் சொல்லிவிடு. மாப்பிள்ளையோடு ஏதாவது என்றாலும் சொல்லு, நான் ஒன்றும் கேட்கமாட்டேன். பாஸ்வேர்டை மட்டும் இன்றைக்கே மாற்றிவிடு.

ஆப் போட்டுவிட்டால் எண் கேட்க எங்களைக் கூப்பிட வேண்டியிருக்காது. பரவாயில்லை, சும்மாவே கூப்பிடு. ராத்திரி எந்நேரமானாலும் எடுப்பேன். செவ்வாய்க்கிழமை வந்தது உன்னுடையதா இல்லையா, அதை மட்டுமாவது இன்றைக்குள் ஒரு வரி எழுது.

அன்புடன்,
அப்பா